வேலிக்கு வெளியே நிற்கும் தகுதி



சூன் முதல் நாளிலிருந்து சூலைத் திங்களின் இறுதி நாள் வரை மேலைக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் இறங்குதல் கூடாது என்பது அரசாணை. மீனினம் பெருகுதற்கென்று விடப்படும் 61 நாள் ஓய்வு அது. நம் குமரி மாவட்டத்திலேயே சின்னமுட்டத்தார்க்கு இத்தடைக்காலம் ஏப்பிரல் 15-இல் தொடங்கிச் சூன் 14-இல் முடிந்துவிடும். அவர்கள் கீழைக்கரைக் கணக்கினர். குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டினமும் மேலைக்கரைக் கணக்கு. ஆகையால், ஆனி ஆடித் திங்கள்களில், தென்மேற்குக் காற்று அலையைத் தூக்கிக் கரையில் அறைந்துகொண்டிருக்கும் நாள்களில், குளச்சல் துறையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டுண்டு கிடக்கும். வலை பழுதுபார்ப்போர் பார்ப்பர். வள்ளக்காரர் கடல் இடங்கொடுக்கும் நாளில் போய் வருவர். படகிற் கூலிப்பங்குக்குச் செல்வோர் காத்திருப்பர், வேறு வழியில்லை.

அதே 61 நாளில் இன்னொரு காத்திருப்பும் இக்கரையில் நடைபெறுகின்றது. மேனிலைப் பள்ளித் தேர்வின் முடிவு மேத் திங்களில் வந்துவிடுகின்றது. அதன்பின் தரவரிசைப் பட்டியல், சான்று சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று ஒவ்வொன்றாக நாள்கள் நகர்கின்றன. பொறியியல் கலந்தாய்வு பெரும்பாலும் சூலையில் தொடங்குகின்றது. மருத்துவக் கலந்தாய்வு அதற்கும் பின்னர். கையிற் காசு வாராத காலமும், கல்லூரிக்குக் கட்டவேண்டிய காலமும் ஒன்றாய் அமைந்துவிட்டன. தடைக்கால உதவியென்று அரசு தரும் தொகை குடும்பத்தின் அடுப்புக்கே போதாது. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மீனின் கருக்காலத்தையும் கல்லூரியின் சேர்க்கைக் காலத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே.

யாம் மேனிலைப் பள்ளி முடித்த 1980-களின் பிற்பகுதியில் அஞ்சல்காரரின் மிதிவண்டி மணிக்குக் காத்திருந்தோம். ஓர் அஞ்சலட்டை வரும், அல்லது வாராது. இன்றைய பிள்ளைகள் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாளுக்கு நாற்பது முறை பார்க்கின்றனர். கருவி மாறியிருக்கின்றது. வயிற்றுக்குள் ஏற்படும் அந்தக் கலக்கம் மாறவில்லை.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு இப்படிக் காத்திருந்தாள். தந்தை விசைப்படகிற் பங்குக்குச் செல்பவர். தாய் மீன்கடவத்தைத் தலையிலேற்றி உள்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்று விற்று வருபவர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியிலேயே பயின்றவள். அவள் வீட்டுக்கு நான்காம் வீட்டுப் பெண்ணும் அதே ஆண்டு தேறினாள். அவள் தந்தையும் அதே படகிற் செல்பவரே. இருவரின் மதிப்பெண்ணும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒருத்திக்கு அரசின் 7.5 விழுக்காட்டு உள்ளொதுக்கீட்டிற் பொறியியல் இடமும், கட்டணமும் விடுதிச் செலவும் அரசே ஏற்கும் பேறும் கிட்டின. எம் மாணவி பொதுவரிசையில் நின்று, தொலைவிலுள்ள ஒரு தனியார் கல்லூரியில் இடம்பெற்று, அதற்குக் கட்டப் பணமின்றிக் கைவிட்டு, கலைக்கல்லூரி ஒன்றிற் சேர்ந்தாள். வேறுபாடு யாது? நான்காம் வீட்டுப் பெண் பயின்றது அரசுப் பள்ளி. எம் மாணவி பயின்றது அரசுதவி பெறும் பள்ளி.

இதைக் கேள்வியுற்ற அவள் தாய் எம்மிடம் வந்து கேட்டதை அவர் சொற்களிலேயே தருகின்றோம்: "சாரே, வாத்தியாருமாருக்குச் சம்பளம் அரசாங்கந்தானே குடுக்கு? பின்ன எப்பிடி இது அரசாங்கப் பள்ளிக்கூடம் இல்லாமப் போச்சு?"

‘சாரே’ என்னுஞ் சொல்லை ‘ஐயா’ என்று திருத்த யாம் முப்பதாண்டாக முயன்றும் குளச்சற் கடற்கரை திருந்தவில்லை. ஆனால் அக் கேள்வியில் திருத்துவதற்கு யாதொன்றும் இல்லை. இந்த ஆசிரியவுரை அக் கேள்வியைப் பற்றியதே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 7.5 விழுக்காட்டு உள்ளொதுக்கீடு தமிழ்நாட்டில் அண்மையில் நடந்த நல்ல செயல்களுள் ஒன்று. 2017 முதல் நீட் என்னும் நுழைவுத்தேர்வு நம்மீது சுமத்தப்பட்ட பிறகு, அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குட் சென்றோர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினராயினர். 2020-இல் அச்சட்டம் வந்தபின் முதலாண்டிலேயே ஏறத்தாழ 400 பேர் உட்புகுந்தனர். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. சென்னை உயர்நெறிமன்றமும் 2022-இல் அதனைச் செல்லுமென்று தீர்த்தது. அதைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. அதன் வேலி எங்கே நடப்பட்டிருக்கின்றது என்பதே எம் கேள்வி.

பிற மாவட்டத்து அன்பர்கட்கு எம் மாவட்டத்தின் நிலையைச் சிறிது விளக்க வேண்டும். குமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. இங்குப் பள்ளிகளை முதலில் எழுப்பியோருட் பெரும்பாலோர் திருச்சபையார். அரசு வந்து பள்ளி கட்டுவதற்கு முன்பே அவர்கள் கட்டிவிட்டனர். கடற்கரையில் இது மேலும் உண்மை. ஆகையால் இக் கரையோரத்துப் பிள்ளை ஒன்று அரசுதவி பெறும் பள்ளியிற் பயில்கின்றது என்றால், பெற்றோர் பணமிகுந்து தேர்ந்தெடுத்தனர் என்பது பொருளன்று. வீட்டுக்கு அண்மையில் இருந்த பள்ளி அது, அவ்வளவே. ஆசிரியர் ஊதியம் அரசு தருவது. பாடநூல் அரசு தருவது. உண்ணும் மதியவுணவும் அரசு தருவது. வாயிலில் மாட்டியுள்ள பெயர்ப்பலகை ஒன்றுதான் வேறு.

இனி, திறனுக்கென்று கொடுக்கும் உதவித்தொகைகளைப் பார்ப்போம். இங்கேதான் வேலிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு செல்கின்றன.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கென்று ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்றுண்டு. மாவட்டத்திற்கு ஆண்பாலார் 50 பேர், பெண்பாலார் 50 பேர் தேர்ந்தெடுக்கப்பெறுவர். குடும்ப ஆண்டு வருவாய் ஓர் இலக்கம் உருபாவுக்கு மேற்படுதல் கூடாது. தேறியவர்க்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 உருபா. திங்களுக்கு 84 உருபா கூட வாராத இத்தொகையை உதவித்தொகை என்று அழைப்பதற்கு அரசுக்குத் துணிவு வேண்டும், அது கிடக்கட்டும். இத்தேர்வை எழுதுவோர் ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளிற் பயில்வோராதல் வேண்டும். நகராட்சி, மாநகராட்சிப் பகுதிப் பள்ளிகளிற் பயில்வோர் எழுத இயலாது.

குளச்சல் ஒரு நகராட்சி! வரைபடத்தில் நகராட்சி என்று கோடிழுத்த அன்றே இக் கரையின் மீனவர் மக்கள் ‘நகர மாந்தர்’ ஆகிவிட்டனர். கடலரிப்பில் வீடிழந்து, 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலைக்கு உற்றாரைப் பறிகொடுத்து, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் மேலும் பறிகொடுத்த ஒரு கரை, ஊரகத் திறனாய்வுக்கு வேண்டிய அளவு ஊரகமாக இல்லை! எல்லைக்கோட்டுக்கு அப்பால் பேரூராட்சிக்குட்பட்ட பள்ளியில் வளமான தென்னந்தோப்புக்காரரின் பிள்ளை பயின்றால், வருவாய்ச் சான்று ஒன்றை எப்படியோ வாங்கி, எழுதலாம். கோட்டுக்கு இப்பால் கடவஞ் சுமப்பவரின் மகள் எழுத முடியாது.

இதற்கு மாறாக, எட்டாம் வகுப்பினர்க்கு நடுவணரசு நடத்தும் வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வில், ஊரென்றும் நகரென்றும் வேலியில்லை. அரசுப் பள்ளியோடு அரசுதவி பெறும் பள்ளியும் உள்ளே சேர்ந்திருக்கின்றது. வருவாய் வரம்பு 3.5 இலக்கம், தேறியவர்க்கு ஆண்டுக்கு 12,000 உருபா, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடம். நடுவணரசைப் புகழ்வது எம் வழக்கமன்று என்பதை இவ்விதழின் படிப்போர் அறிவர். ஆயினும் இக் கணக்கில் அவர்கள் இட்ட வேலி நம்மவர் இட்டதினும் அகலமானது என்பதை மறைத்தெழுத எம்மால் ஆகாது.

பதினோராம் வகுப்பினர்க்கு 2023-இல் தொடங்கிய முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் 1,000 பேர்க்கு ஆண்டுக்கு 10,000 உருபா, பட்டப்படிப்பு முடியும் வரை. மிக நல்ல ஏற்பாடு. அரசுப் பள்ளியினர்க்கு மட்டும். 2022-இல் தொடங்கிய தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வோ 1,500 பேர்க்குத் திங்கள்தோறும் 1,500 உருபாவை ஈராண்டுக்குத் தருகின்றது. இதில் ஒரு பாதி அரசுப் பள்ளியினர்க்கு, மறுபாதி எல்லாப் பள்ளியினர்க்கும் பொது. தமிழில் திறன்பெற்ற ஒரு பிள்ளைக்குத் தமிழ்நாட்டரசு பணந்தருகின்றது என்னும் செய்தியை எம் ஆசிரியப் பணியில் முதன்முதல் அறிந்தபோது எமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கு எழுதினால் நீளும்.

அன்பர்கள் ஒன்றைக் கருத வேண்டும். கல்லூரியில் திங்களுக்கு 1,000 உருபா தரும் ‘புதுமைப் பெண்’ ஏற்பாடு 2022 செபுதம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவியர்க்கு மட்டுமே என்றிருந்தது. 2024 ஆகத்தில் ஆண்பாலார்க்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ வந்தபோது அரசுதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி பயின்றோரும் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே மாணவியர்க்கும் அவ்வாறே விரிக்கப்பட்டது. ஆக, வேலி நகரக்கூடியது! ஒருமுறை நகர்த்தியும் இருக்கின்றனர். ஆயிரம் உருபாவுக்கு நகர்ந்த வேலி, மருத்துவ இடத்திற்கும் பொறியியல் இடத்திற்கும் ஏன் நகரவில்லை?

இதற்கு மறுமொழியாகச் சிலர் கூறுவதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளியிற் பயில்வோரே ஏழையரினும் ஏழையர். அரசுதவி பெறும் பள்ளிகளுள் நல்ல கட்டடமும் பெயரும் பெற்றவை பல. அவற்றையும் சேர்த்தால் 7.5-இன் பெரும்பகுதியை அவையே விழுங்கிவிடும் என்கின்றனர். இது வெறும் சாக்குப்போக்கு அன்று. உண்மையான அச்சமே. மதுரை, சென்னை போன்ற நகரங்களின் சில பழைய பள்ளிகளை எண்ணினால் யாமும் அவ்வாறே அஞ்சுவோம். ஆகையால் 7.5-இல் ஓர் இடத்தையும் குறைக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் ஒரு சிறு பங்கு, தமிழ்வழி பயின்று, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி ஏறும் அரசுதவிப் பள்ளிப் பிள்ளைக்கென்று வேண்டும். பள்ளியின் பெயர்ப்பலகையைப் பாராமல் பிள்ளையின் வீட்டைப் பாருங்கள் என்பதே எம் வேண்டுகை.

‘முதல் பட்டதாரி’ என்னும் ஏற்பாடு 2010 முதல் ஏறத்தாழ இவ்வாறே வீட்டைப் பார்க்கின்றது. (‘தாரி’ என்னும் ஒட்டு நம்முடையதன்று, ஆயினும் அரசுத்தாளில் அப்படித்தான் அச்சிட்டிருக்கின்றனர்.) அதிலும் ஒரு முள் உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவர்க்கே அச்சலுகை. அக்கை பெற்றுவிட்டால் தம்பிக்கு இல்லை. தம்பிக்கென்று வைத்துக்கொண்டால் அக்கைக்கு இல்லை. எந்த வீட்டில் யார் விட்டுக்கொடுப்பார் என்பதை யாம் சொல்லவும் வேண்டுமோ?

இந்தத் ‘தகுதி’ என்னும் சொல் நேற்று வந்ததன்று. இதே திருவிதாங்கூரில் 1880-களில், ஈழவர் குலத்திற் பிறந்த பல்பு என்னும் இளைஞர் மருத்துவப் படிப்பிற்கான தேர்வில் முன்னிலையில் தேறினார். இடம் மறுக்கப்பட்டது. சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்று மீண்டார். திருவிதாங்கூர் அரசு வேலையும் மறுத்தது. மைசூர் அரசில் பணியேற்றுப் பெயர்பெற்றார். அன்று தேர்வில் வென்றவனைக் குலங்கேட்டு வெளியே தள்ளினர். பிற்காலத்தில், குலத்தால் வெளியே தள்ளப்பட்டோர்க்கு வாயிலைத் திறந்தபோது, ‘தேர்வு மட்டுமே அளவுகோல்’ என்று கூறினர்.

1950-இல் சண்பகம் துரைராசன் என்னும் அம்மையார் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்து வழக்கிட்டார். அவ்வாணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் 2 இடம் பார்ப்பனர்க்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் கிட்டாது என்பது அவர் முறையீடு. அவர் அக் கல்லூரிக்கு வேண்டுகை மடலே விடுத்ததாகத் தெரியவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கின்றது! கேட்டுப்பார்த்ததில் கிடைக்காது என்று அறிந்தாராம், அதனால் வழக்காம். 1951 ஏப்பிரல் 9-இல் உச்சநெறிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. பெரியார் களத்தில் நின்றார். அவ்வாண்டு சூனிலேயே அரசியற் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. காத்திருக்கவே இல்லாத ஒருவர்க்காக அறமன்றக் கதவு திறந்தது. குளச்சலிற் காத்திருப்போர் அக் கதவைத் தட்டவும் பயணச்சீட்டுக்குக் காசு தேட வேண்டும்.

இவ்விடத்தில் இளைஞர் ஒருவர் எம்மிடம் நேரிற் கேட்ட வினாவுக்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம். "ஈழத்தில் 1971-இல் தரப்படுத்தல் வந்தபோது, ‘தகுதியை அழிக்கின்றனர்’ என்று நாம் முழங்கினோம். இங்கே ‘தகுதி என்பது ஏமாற்று’ என்கின்றோம். இரண்டில் எது உண்மை?" என்று கேட்டார்.

நல்ல வினா. முகஞ்சுளிக்காமல் விடைதேட வேண்டிய வினா. அவ்வாண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்குத் தமிழ்வழி மாணவர் 250 மதிப்பெண் பெற வேண்டுமென்றும், சிங்களவழி மாணவர் 229 பெற்றாற் போதுமென்றும் வரையறுத்தனர். பொறியியலில் 250-க்கு 227. அங்கே எந்தப் பிள்ளையின் வறுமையையும் எவரும் அளக்கவில்லை. யாழ்ப்பாணத்து வணிகர் மகனும் மன்னாரின் மீனவர் மகனும் தமிழ்வழியிற் பயின்றவராதலின் ஒருசேரத் தள்ளப்பட்டனர். கொழும்பின் செல்வர் மகன் சிங்களவழியிற் பயின்றவனாதலின் உள்ளிழுக்கப்பட்டான். அது மொழியைக் காட்டி இனத்தை ஒடுக்கிய அளவுகோல். அதை எதிர்த்தது நேர்மை.

ஆனால், 1974-இல் மாவட்டப் பங்கீடு வந்தபோது, அதே கொடுமைக்குள் ஒரு சிறு கீற்று ஒளியும் இருந்தது என்பதை ஈழத்து ஆய்வறிஞர் சிலரே ஒப்புவர். யாழ்ப்பாணம் இழந்தது. மட்டக்களப்பும் மன்னாரும் வவுனியாவும் போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டங்களின் பிள்ளைகள் சிலர் முதன்முறையாகப் பல்கலைக்கழக வாயிலை மிதித்தனர். யாழ்ப்பாணத்தார் அதைப் பேசத் தயங்கினர். நாமும் தயங்கியிருக்கின்றோம். தயங்கியது பிழை. இனத்தாலும் மொழியாலும் ஒருவனைத் தள்ளுவது வேறு; பள்ளியில்லா ஊரின் பிள்ளைக்கு ஒரு படி இறக்கிக் கொடுப்பது வேறு. முன்னதை எதிர்ப்பவன் பின்னதை எதிர்க்க வேண்டியதில்லை. அவ்விளைஞர்க்கு எம் விடை இதுவே. அவர் முழுதும் ஒப்பவில்லை. ஒப்பும்வரை வந்து வாதிடட்டும், வீடு திறந்தே இருக்கின்றது.

மொழியைப் பற்றிச் சொல்லும்போது 2018-ஐ மறக்க முடியுமா? அவ்வாண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. தமிழில் எழுதியோர் 24,000-க்கும் மேற்பட்டோர். ஒரு வினாவுக்கு 4 மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண் அவர்கட்குத் தரவேண்டுமென்று உயர்நெறிமன்றத்தின் மதுரைக் கிளை சூலையில் ஆணையிட்டது. பத்தே நாளில் உச்சநெறிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. பின்னர் அவ்வாணையை நீக்கியும் விட்டது. அத்தனை மதிப்பெண் அள்ளிக்கொடுத்தால் தமிழில் எழுதியோர் பிறரினும் முந்திவிடுவர் என்பது எதிர்வழக்கு. முந்தக் கூடாது என்பதில் கவலை கொண்டோர், 49 வினாவை விளங்கிக்கொள்ளவே முடியாமல் பின்தள்ளப்பட்டதில் கவலை கொள்ளவில்லை. ஆறாண்டு சென்று 2024-இல், தேர்வு நேரம் குறைந்துபோயிற்று என்று 1,563 பேர்க்கு அதே தேர்வு முகமை எவருங் காணாமல் அருள்மதிப்பெண் வழங்கியது. நாடே கூச்சலிட்ட பின்னரே அதைத் திரும்பப் பெற்று, மறுதேர்வு வைத்தது. நேரங்குறைந்தால் அருள் உண்டு. மொழி சிதைந்தால் அருள் இல்லை!

தமிழ்வழி மாணவர் மருத்துவக் கல்லூரியில் பெற்ற பங்கு 2014–15-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 15 ஆக இருந்தது, நீட் வந்தபின் 2 அளவிற்குச் சுருங்கியது என்பதை ஏ. கே. இராசன் குழுவின் 2021 அறிக்கை எடுத்துக்காட்டியது. அவ்வாண்டு செபுதம்பரிலும் மீண்டும் 2022 பிப்பிரவரியிலும் சட்டமன்றம் நிறைவேற்றிய விலக்குச் சட்டத்திற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது என்பதை 2025 ஏப்பிரலில் அறிந்தோம். மேனிலைத் தேர்வில் 1,200-க்கு 1,176 பெற்ற குழுமூர் அனிதாவை 2017 செபுதம்பர் முதல் நாள் நாம் இழந்ததற்கும் இதற்கும் இடையே எட்டாண்டு. காத்திருத்தல் என்பது மாணவர்க்கு மட்டுமே உரியதன்று போலும்.

வருவாய்க் கணக்கையும் ஒருமுறை பக்கத்திற் பக்கமாக வைத்துப் பாருங்கள். 2019-இல் முன்னேறிய வகுப்பாருள் ஏழையர்க்கென்று நடுவணரசு 10 விழுக்காடு ஒதுக்கியபோது, ஏழை என்பதற்கு இட்ட வரம்பு ஆண்டுக்கு 8 இலக்கம் உருபா. 2022 நவம்பரில் மூவர்க்கு இருவர் என்ற கணக்கில் உச்சநெறிமன்றம் அதை ஏற்றது. நம் ஊரகத் திறனாய்வுக்கு வரம்பு ஓர் இலக்கம். எட்டிலக்கம் ஈட்டுபவரும் ஏழை. ஓரிலக்கத்திற்குமேல் ஓர் உருபா ஈட்டும் கடவக்காரியின் குடும்பம் ஏழையன்று! வட்டாட்சியர் அலுவலகத்தில் வருவாய்ச் சான்றுக்கு நிற்பவர்க்கே தெரியும், கடலில் ஒருநாள் கிடைத்த பங்கை வைத்து ஓராண்டைக் கணக்கிட முடியாதென்பது. மீன்பட்டால் பணம்; படாவிட்டால் கடன். அதற்குச் சான்றுத்தாளில் இடமில்லை.

இத்தனையும் அரசை நோக்கிச் சொன்னது. நம்மை நோக்கியும் ஒன்று சொல்லாமல் விட்டால் இவ்விதழுக்கு அழகன்று. தமிழ்வழி பயின்றோர்க்கு உரிமை வேண்டுமென்று மேடையேறும் நம் அன்பர்களுட் பலர் தம் மக்களை ஆங்கிலவழிப் பள்ளியில் விட்டுவிட்டே மேடைக்கு வருகின்றனர். எம் உடன்பணியாற்றும் தமிழாசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். தமிழ்வழியில் எஞ்சுவோர் வேறு வழியற்றவர் மட்டுமே என்றாகிவிட்டால், அவர்களின் உரிமையைக் கேட்கக் குரல்வலிமை உள்ளோர் எவரும் உள்ளே இரார். வேலியைப் பற்றிப் பேச வேலிக்குள்ளேயே ஆளில்லை என்றால் எப்படிப் பேசுவது?

எம் மாணவி இவ்வாண்டு கலைக்கல்லூரியில் இரண்டாமாண்டு பயில்கின்றாள். திங்கள்தோறும் ஆயிரம் உருபா வருகின்றது. அதற்கான வேலி விரிந்தமையால். அவள் தம்பி இப்போது பதினோராம் வகுப்பு. அதே பள்ளி, தமிழ்வழி. தமிழ்மொழித் திறனறித் தேர்வுக்கு அவனை அணியப்படுத்திக்கொண்டிருக்கின்றோம். பொதுப்பாதிக்குள் எப்படியேனும் நுழைந்துவிட வேண்டும் என்பது எம் அவா. இலக்கணத்தில் வலியவன், செய்யுளில் சிறிது தடுமாறுகின்றான்.

இனி, படிப்போரிடம் ஒரு பணி. உங்கள் ஊரிலும் அண்டையூரிலும் உள்ள அரசுதவி பெறும் பள்ளிகளை எண்ணுங்கள். அவற்றுள் தமிழ்வழி வகுப்பு உள்ளவை எத்தனை, அப்பள்ளி ஊராட்சியிலா, பேரூராட்சியிலா, நகராட்சியிலா உள்ளது, சென்ற ஆண்டு அங்கிருந்து தொழிற்கல்லூரிக்குச் சென்றோர் எத்தனை பேர் என்பவற்றை ஓர் அஞ்சலட்டையில் எழுதி ஆவணித் திங்கள் இறுதிக்குள் நம் அலுவலகத்திற்கு விடுங்கள். தலைமையாசிரியர் சொல்லத் தயங்கினால் பெற்றோரைக் கேளுங்கள், அவர்கள் தயங்கார். மீனவர் ஊர்களிலிருந்து வரும் அட்டைகளைத் தனியே தொகுத்து, மாவட்ட வாரியாக அடுத்தடுத்த இதழ்களில் வெளியிட்டு, கல்வித்துறைக்கும் சட்டமன்ற உறுப்பினர்க்கும் அனுப்ப எண்ணியிருக்கின்றோம். குளச்சலின் கணக்கை யாமே எடுத்துவிட்டோம். சூலை முடிந்து படகுகள் இறங்கியபின் முட்டத்திற்கும் மணவாளக்குறிச்சிக்கும் செல்வதாக இருக்கின்றோம். துணைவர விரும்புவோர் எழுதுக.